பத்துக் கம்பி

எங்கள் அத்தானுக்கு நல்ல மனசு. அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் எட்டு மாத உழைப்பு தப்பித்திருக்கும்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அக்கா கிட்டாரைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. பேருந்துக் கதவில் இடது கை மாட்டியதிலிருந்து கடைசி இரண்டு விரல்களும் மடங்க மறுத்துவிட்டன. நான் வாத்தியங்களைப் பழுது பார்க்கிறவன். பழைய சாமான் கடையில் ஒரு டெனர் கிட்டார் கண்ணில் பட்டதும் அவள் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. டெனருக்கு நாலே கம்பி, ஒல்லிக் கழுத்து. இரண்டு விரலை வைத்துக்கொண்டே ஒப்பேற்றிவிடலாம். வயலின் மாதிரி மேல்பலகையை மேடாகக் குடைந்த, எண்பது வருஷத்துச் சரக்கு. வெடிப்புகளை ஒட்டினேன், கோணிய கழுத்தை நிமிர்த்தினேன், மெருகு மட்டும் ஒன்பது பூச்சு. அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவள் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் அத்தானிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன்.

“இது டெனர் அத்தான். பத்திரம்.”

பேரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

பிறந்தநாளன்று போனால், அத்தான் பெருமையோடு பெட்டியைத் திறந்து காட்டினார். கிட்டாரின் தலையில், கம்பியை முறுக்கும் நாலு திருகாணிகளுக்கு இடையில் ஆறு புது ஓட்டைகள்.

“என்ன அத்தான் இது?”

“நீதானே டென்னர்னு சொன்ன? டென்னுனா பத்து. எண்ணிப் பாத்தா நாலுதான் இருந்துச்சு. வேலை மும்முரத்துல விட்டுட்ட போலன்னு, நம்ம அலமாரி செஞ்சவரைக் கூப்பிட்டு ஓட்டை போடச் சொன்னேன். கம்பிதான் கிடைக்கல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ சங்கடப்படுவியேன்னுதான் தம்பி.”

ஓட்டைக்கு ஓட்டை விரிசல் ஓடியிருந்தது. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

அவளே பெட்டியைத் திறந்தாள். கிட்டாரை மடியில் வைத்து, இரண்டு விரலை அழுத்தி ஒரு தடவை மீட்டினாள். பிசிறில்லாமல் கேட்டது. ஆறு வருஷமாக நான் பார்க்காத முகம் அது.

அடுத்த மீட்டலுக்குள் சுருதி இறங்கிவிட்டது.

“சேத்துக் குடுடா.”

சேர்த்துக் கொடுத்தேன். விரிசல் விட்ட மரம் திருகாணியைப் பிடித்து நிற்கவில்லை, மறுபடி இறங்கியது. ஐந்து தடவை சேர்த்தேன், ஐந்து தடவையும் இறங்கியது. அத்தான் கைதட்டத் தயாராகப் பக்கத்திலேயே நின்றார். அவரை அப்படியே தூக்கி அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிட்டாரைக் கீழே வைத்தாள்.

“போதும்டா. கை வலிக்குது.”

அவள் கையில் வலி நின்று வருஷக்கணக்காகிறது. அத்தான் தைலம் எடுத்து வர உள்ளே ஓடினார்.