நாலாவது அடுக்கு

என் கணவர் உமாசங்கருக்கு நாற்பது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டியிருந்தது. வீட்டில் இருந்ததோ நான் ஒருத்தி. அதுவும் எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது.

எண்பத்தேழாம் வருஷம். சிகந்திராபாத் மெட்டுகுடாவில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். முன்னால் ஹால், பின்னால் சமையலறை, ஓரமாகப் பாத்ரூம். வெளியே போக ஹால் வழியாகத்தான் வாசற்கதவு. அவர் மத்திய சர்க்கார் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். அவருடைய சித்தப்பா பிள்ளை சக்ரபாணி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தான். கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தட்டையாக ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். டிவியில் சொருகினால் எழுத்து தெரியும். டேப் ரிக்கார்டரில் சொருகினால் ப்ரோக்ராம் ஏறும். குழந்தைகள் விளையாடும் சாமான் அது. எங்களுக்குக் குழந்தை இல்லை, அதனால் இவர் விளையாடினார்.

அது சங்கீதமும் பாடும் என்று கண்டுபிடித்த அன்றோடு எனக்கு டிவி போயிற்று. செய்தி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சினிமா கிடையாது. ஆபீஸிலிருந்து வந்தவுடன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்து எண்களாக அடிப்பார். ஒரு எண் எந்த ஸ்வரம் என்பதற்கு, பக்கத்து எண் அது எவ்வளவு நேரம் என்பதற்கு. ஒரு வாரம் அடித்தால் ஒரு நிமிஷப் பாட்டு வரும். "இது வயலின்" என்பார். எனக்குக் கொசு காதுக்குள் போன மாதிரி இருக்கும். "இது ட்ரம்பெட்" என்பார். மேட்டில் ஏறமுடியாத ஆட்டோ மாதிரி இருக்கும். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன்.

அந்த மிஷினில் ஒரே சமயத்தில் மூன்று குரல்தான் வரும். மூன்று பேர் பஜனைக்கே போதாது, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எப்படிப் போதும்? அதற்கு அவர் ஒரு வழி பண்ணினார். முதல் மூன்று குரலையும் டிவி ஸ்பீக்கரில் பாடவிட்டு, எதிரே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்வார். பிறகு அந்த டேப்பை ஒரு பக்கம் ஓடவிட்டு, கம்ப்யூட்டரை அடுத்த மூன்று குரல் பாடச் சொல்லி, இரண்டையும் சேர்த்து இன்னொரு ரிக்கார்டரில் எடுப்பார். இப்போது ஆறு. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அடுக்கு.

"பன்னிரண்டுதானே ஆச்சு?" என்றேன்.

"எஃபெக்ட் நாற்பது" என்றார்.

ஹாலில் கேட்கும் எல்லாச் சத்தமும் அந்த டேப்பில் விழும். அதனால் ரிக்கார்டிங் என்றால் வீட்டில் யாரும் உயிரோடு இருக்கக்கூடாது. ஃபேனை நிறுத்துவார். குக்கர் வைக்கக்கூடாது. என் வளையல்களைக் கழற்றச் சொல்வார். என்னைச் சமையலறையில் விட்டு, ஹால் பக்கத்திலிருந்து கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். ஒருநாள் நான் தும்மிவிட்டேன் என்று இரண்டு நாள் பேசவில்லை. வாசல் மணியின் ஒயரை ஒரேயடியாகப் பிடுங்கி மேலே செருகிவிட்டார். கீழ்வீட்டு மரியபுஷ்பம் அக்கா, "உன் வீட்டுக்காரர் என்ன, அணுகுண்டா செய்றாரு?" என்று கேட்பாள். அவள் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போனால் கட்டிடமே அமைதியாகிவிடும். அந்த நேரம்தான் இவருக்கு முகூர்த்தம்.

ஆகஸ்டில் மாயவரத்திலிருந்து என் அண்ணா நடேசனின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இப்போது பரவாயில்லை, ஏதாவது என்றால் தந்தி அடிக்கிறேன், அப்போது உடனே கிளம்பி வா என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு நான் கடைசிப் பெண். கடைசியாக அவளைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உடனே கிளம்புகிறேன் என்றேன். "பரவாயில்லைன்னுதானே எழுதியிருக்கான், தந்தி வந்தா போயேன்" என்றார். சரி என்று பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது அடுக்கு.

காலையிலேயே கேட்டேன். "ஏன்னா, இன்னிக்கு மட்டும் அந்த மணி ஒயரைப் போட்டுடுங்கோளேன். தந்தி வந்தா தெரியாம போயிடும்."

"ஞாயித்துக்கிழமை எவன் தந்தி கொண்டு வருவான்?"

"அவசரத் தந்தின்னா வரும்."

"வந்தா தட்டுவான்" என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரியாகப் போயிற்று.

என்னை உள்ளே அனுப்பித் தாழ் போட்டார். டேப்பையும் கம்ப்யூட்டரையும் ஒரே நொடியில் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய குரல்களும் புதுக் குரல்களும் ஒன்றையொன்று துரத்தும். ஒரு வாரமாகத் துரத்திக்கொண்டுதான் இருந்தன. அன்றைக்குச் சேர்ந்துவிட்டது. சமையலறையில் இருந்த எனக்கே தெரிந்தது. பன்னிரண்டு குரலும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறின. நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாணலியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று கேட்டேன்.

அப்போதுதான் வாசற்கதவை யாரோ தட்டினார்கள்.

முதலில் மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று, பலமாக. ஒரு ஆண்குரல் ஏதோ கூப்பிட்டது. பாட்டு உச்சத்தில் இருந்ததால் வார்த்தை புரியவில்லை. சமையலறைக் கதவை நான் தட்டினேன். "ஏன்னா, வாசல்ல ஆள் வந்திருக்கு, திறங்கோ!" வாசலில் அவன் தட்டினான். இங்கே நான் தட்டினேன். அவன் மறுபடி, நான் மறுபடி. உள்ளங்கையால் அடித்தேன், முஷ்டியால் குத்தினேன், அழுதுகொண்டே கத்தினேன். நடுவில் ஹாலில் நின்றுகொண்டிருந்த மனுஷன் இரண்டு கதவில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்து, டேப்பை நிறுத்தி, எடுத்துப் பெட்டியில் வைத்த பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவுக்கு ஓடினேன். யாரும் இல்லை. திரும்பி வந்தபோது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போச்சு" என்றார். "ஒரு வாரமா சேராதது இன்னிக்குச் சேர்ந்தது. குட்டிச்சுவர் பண்ணிட்டே."

"யாருன்னு பார்க்க வேண்டாமா?"

"ஊதுவத்தி விக்கறவனா இருப்பான். தந்தின்னா மறுபடி வருவான்."

நம்பினேன். ஊதுவத்திக்காரனாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டதால் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் தந்திக்காரன் வந்தான். நேற்றே வந்து எவ்வளவோ தட்டினேன் அம்மா, உள்ளே பாண்டு வாத்தியம் கேட்டது, கல்யாண வீடு போலிருக்கிறது என்று போய்விட்டேன் என்று அரைத் தெலுங்கிலும் அரை உருதுவிலும் சொன்னான். அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு என்று தந்தி.

அன்று சாயங்கால வண்டியில் கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை இருட்டும் சமயத்தில் மாயவரத்தில் இறங்கினேன். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன், அம்மாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்து வாசல் கழுவிவிட்டிருந்தது. திங்கட்கிழமை ராத்திரி வரைக்கும் நினைவு இருந்ததாம். கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு, கல்பகம் வந்துட்டாளா, வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஞாயிறு வண்டியில் ஏறியிருந்தால் நான் வந்திருப்பேன். அண்ணா என்னைத் திட்டவில்லை. "தந்தி கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டான். கிடைக்கவில்லை என்றேன்.

உமாசங்கர் பத்தாம் நாளுக்கு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினார். பதின்மூன்று கழிந்து நான் வீட்டுக்கு வந்தேன். பையைக் கீழே வைக்கவில்லை, "கல்பகம், இங்க வந்து உக்காரு, ஒரு ஆச்சரியம் காட்டறேன்" என்றார். எனக்குப் பைத்தியக்காரத்தனமாக ஒரு எண்ணம், மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று. டேப்பைப் போட்டார்.

"வீணாப் போச்சுன்னுதான் நெனச்சேன். போட்டுக் கேட்டா, அந்தத் தட்டல் சரியான இடத்துல விழுந்திருக்கு பாரு! வாசல்ல ஒண்ணு, உள்ள ஒண்ணு. கேள்வியும் பதிலும். இது இல்லேன்னா பாட்டே சப்புனு இருந்திருக்கும். இந்த மிஷின்ல இப்படி ஒரு டிரம் வரவே வராது."

கேட்டேன். என்ன செய்ய, நன்றாகத்தான் இருந்தது. தந்திக்காரன் குரல் விழவில்லை. என் குரல் மட்டும் ட்ரம்பெட்டுக்கு அடியில் நூலாகக் கேட்டது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

கம்பெனியின் வெள்ளிவிழாவில், கிளப் ஹாலில், பெரிய ஸ்பீக்கர் வைத்து அதைப் போட்டார்கள். டெல்லியிலிருந்து சேர்மன் வந்திருந்தார். ஒரு சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஆர்க்கெஸ்ட்ரா என்று மேடையில் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும் கைதட்டல் ஓய நேரமாயிற்று. சேர்மன் மைக்கைப் பிடித்து, அந்த இரண்டு டிரம் பேசிக்கொள்ளும் இடம் என்னை உலுக்கிவிட்டது, யாரோ உயிருக்காக மன்றாடுவதுபோல இருக்கிறது என்றார். இவர் பணிவாகத் தலை குனிந்து, "அந்த இடத்துக்கு ரொம்ப உழைச்சேன் சார்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் என்னைத் தோளில் தட்டி, கொடுத்து வைத்தவள் என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆபீஸர்கள் குடும்பத்தோடு வருவார்கள். டேப் ஓடும். நான் காபி கொண்டுவருவேன். டிரம் வரும் இடத்தில் ஒரு விரலைத் தூக்கி, "இப்ப கேளுங்கோ" என்பார். என் அம்மா சாகக் கிடக்கும் செய்தியை வாரா வாரம் தட்டிக்கொண்டிருந்தான் அந்தத் தந்திக்காரன். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவேன்.

டெல்லியிலிருந்து ஓலை வந்தது. கண்காட்சிக்கு இதேபோல இன்னும் நீளமாக ஒன்று வேண்டும், அந்த டிரம் கட்டாயம் இருக்க வேண்டும். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டரில் டிரம் அடித்துப் பார்த்தார், காய்ந்த எண்ணெயில் பூரி போட்ட மாதிரி புஸ்ஸென்றது. பிளாஸ்டிக் வாளியைத் தட்டினார். அரிசி டின்னைத் தட்டினார். கதவைத் தானே தட்டினார். ஒன்றும் சரிப்படவில்லை. ஒரு ஞாயிறு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். குரலில் அத்தனை குழைவு.

"கல்பகம், நீ ஒருதரம் கதவைத் தட்டேன். அன்னிக்குத் தட்டினயே, அந்த மாதிரி."

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, கொடுமை செய்கிறோம் என்ற நினைப்புகூட இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற முகம்.

தாழ் போட்டார். தட்டினேன். திறந்தார். "வேகம் போறலை."

மறுபடி தட்டினேன். "வேகம் இருக்கு, பயம் இல்லை. அன்னிக்கு ஒரு பதட்டம் இருந்ததே."

மூன்றாம் தரம் திறந்தபோது என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். "உங்கம்மாவை நெனச்சுக்கோ. வாசல்ல தந்தி நிக்கறது, நான் திறக்க மாட்டேங்கறேன்னு நெனச்சுண்டு தட்டு. தன்னால வரும்."

அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கடைசிப் பிரியமும் அற்றுப்போயிற்று. கோபம்கூட வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, "சரி, முதல்ல வாசல் பக்கத்து டிரம்மை எடுத்துடுவோம். நீ வெளில போய்க் கதவைச் சாத்திண்டு தட்டு. நான் ரிக்கார்டரைப் போட்டுட்டேன்" என்றார்.

வெளியே போனேன். கதவைச் சாத்தினேன். வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். ஓசைப்படாமல் போட்டேன், ரிக்கார்டிங் கெட்டுவிடக் கூடாதில்லையா. பிறகு கீழே இறங்கி மரியபுஷ்பம் அக்கா வீட்டுக்குள் போனேன்.

"ஏன் முகம் இப்படி இருக்கு? உக்காரு. காபி நக்கோ, வேணாம்னு சொல்லாத, இப்பதான் போட்டேன்" என்றாள்.

நான் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன். பாதி காபி குடித்திருப்பேன். மேலே தட்டல் ஆரம்பித்தது. முதலில் மரியாதையாக மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று, பலமாக. "கல்பகம்!" என்று ஒரு குரல். அப்புறம் உள்ளங்கையால், அப்புறம் முஷ்டியால். அவர் தேடின பதட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள். "ஏ புள்ள, உன் வீட்டுக்காரர்தானே அப்படித் தட்டுறாரு? போய்த் திறயேன்!"

"சத்தம் போடாதீங்கோ அக்கா" என்றேன். "ரிக்கார்டிங் நடக்கறது."