‘காரணம்’ என்ற கட்டம்

அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை படிகள் என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. நூற்றெண்பத்தாறு என்பாள் அவள். இருநூற்றுக்குக் குறையாது என்பார் அவள் கணவர். இருவரும் சொல்லிக் கேட்டதைத்தான் சொல்கிறேன். படிக்கணக்கு தவறாக இருக்கலாம், மழை பெய்த நாள் முன்பின்னாக இருக்கலாம். அவள் வாயை மூடிக்கொண்ட இடத்தில் மட்டும் தவறில்லை. அதை இருவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எள்ளைவிடச் சிறிய திருகாணியை இடுக்கியில் எடுத்து வைப்பார். முப்பது வருடத்தில் அப்படி ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் அவர்தான். மேசையை விட்டு எழுந்தால் போதும், கதவு நிலை அவர் நெற்றியைத் தேடி வரும். மச்சான்மார் அவருக்கு ‘புல்தடுக்கிப் பயில்வான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. மத்தவங்களுக்கு அது பழமொழி, எனக்கு அது தினப்படி வேலை” என்று அவரே சிரிப்பார்.

அவர் மனைவி ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. நானூறு பேரில் ஒருவருக்கும் நகம்கூடப் பெயராமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தப் பழக்கத்தில் விடுமுறைப் பயணங்களுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, இடம், காயம், காரணம் என்று நான்கு கட்டங்கள்.

அந்தக் கடற்கரை ஊருக்கு அவர்கள் போனது அது மூன்றாவது முறை. கலங்கரை விளக்கத்தின் உச்சியில், விளக்கைச் சுற்ற வைக்கும் பழைய கடிகார இயந்திரம் ஒன்று இருந்தது. ஆள் உயரம், பித்தளைச் சக்கரங்கள், சங்கிலியில் தொங்கும் எடை. அதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாரத்தில் ஒரு நாள் காலை மட்டும்தான் மேலே விடுவார்கள். முதல் முறை அதற்கு முந்தின நாள் கடலோரப் பாறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இரண்டாம் முறை கோபுரத்தின் இரும்புக் கேட்டிலேயே தாடை கிழிந்து நான்கு தையல்.

இந்த முறை பெட்டி கட்டும்போதே அவள் சொல்லிவிட்டாள். “இதுவும் ஆஸ்பத்திரியில முடிஞ்சா, இனிமே லீவுன்னா வீடுதான். என்னால முடியலங்க. நான் லீவுக்கா வர்றேன்? காவலுக்கு வர்றேன்.”

அவர் சட்டையை மடித்து வைத்தார். “சரி. மேல ஏறிப் பாத்துட்டு முழுசா இறங்கிட்டா?”

“அடுத்த வருஷம் நீங்க சொல்ற ஊரு.”

அன்றிலிருந்து அவள் தொண்டைக்கு ஓய்வில்லை. “ஏங்க, படி!” “ஏங்க, ஈரம்!” “ஏங்க, பின்னால சைக்கிள்!” ரயிலடியில் ஆரம்பித்தது விடுதி வாசல்வரை வந்தது. அங்கே, “ஏங்க, மிதியடி!” என்று அவள் கத்த, அவர் அவள் பக்கம் திரும்ப, பூந்தொட்டி வைத்திருந்த இரும்புத் தாங்கியில் முழங்காலுக்குக் கீழே நன்றாக இடித்துக்கொண்டார்.

விடுதிக்காரம்மா பஞ்சோடு ஓடி வந்தாள். “ஏம்மா, நீங்க போட்ட சத்தத்துல நானே சாவியக் கீழ போட்டுட்டேன்.”

“இது பிளாஸ்திரியோட முடிஞ்சுது. ஆஸ்பத்திரி இல்ல, அதனால கணக்குல வராது, ஆபீசர்” என்றார் அவர். அவள் நோட்டில் எழுதினாள். காரணம்: கவனக்குறைவு.

மறுநாள் காலை அவளுக்குக் குரலே எழும்பவில்லை. முந்தின நாள் நனைந்த மழையும் கத்திய கத்தலும் சேர்ந்து தொண்டையைக் கட்டிவிட்டன. ரெண்டு நாள் வாயைத் திறக்கக்கூடாது என்று விடுதிக்காரம்மா வெந்நீரை வைத்துவிட்டுப் போனாள். வெளியூரில் படிக்கும் மகள் போனில் சிரித்தாள். “அம்மா பேசலன்னா வீடே அமைதியாயிருக்குமே! அப்பா, உண்மையச் சொல்லுங்க, எந்த வார்டுலேர்ந்து பேசுறீங்க?”

அவர் எந்த வார்டிலும் இல்லை. சந்தைக்குப் போனார், வந்தார். மழையில் வழுவழுத்த பாறைமேல் நின்று கடலைப் பார்த்தார். இரண்டு கோப்பைத் தேநீரை மூன்று மாடி தூக்கி வந்தார், ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் நிம்மதி வந்தது. பிறகு, நிம்மதிக்குப் பின்னால், வேறென்னவோ வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் தூங்கும்போது நோட்டைப் பிரித்தாள். பதினான்கு வரிகள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் பதினான்கிலும் ஒரே சொல்: கவனக்குறைவு.

தொழிற்சாலையில் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு வரும் மேஸ்திரியை அவள் வாசலோடு திருப்பி அனுப்புவாள். “கவனக்குறைவுன்னு எழுதினா நீங்க விசாரிக்கவே இல்லன்னு அர்த்தம். விழறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துது? அத எழுதுங்க.”

அவள் தன்னையே திருப்பி அனுப்பினாள். மணிக்கட்டு முறிந்த வரியில் விரலை வைத்து, ஒரு நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்று யோசித்தாள். ‘ஏங்க, அலை!’ என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பினார், கால் மட்டும் முன்னால் போனது. தாடை? ‘ஏங்க, கேட்!’ விடுதி வாசல்? ‘ஏங்க, மிதியடி!’ ஒன்பது வரிகள் நினைவுக்கு வந்தன, ஒன்பதிலும் அவள் குரல் இருந்தது. மீதி ஐந்து நினைவில்லை. நேர்மையான அதிகாரி என்பதால் அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டாள். ஏணியில் நிற்பவனைக் கீழேயிருந்து கூப்பிடாதே என்று புதிய ஆட்களுக்கு முதல் நாளே சொல்லித் தருபவள் அவள்தான். நோட்டை மூடி வைத்தாள்.

கோபுரம் ஏறும் நாள் காலையில் கரகரவென்று குரல் திரும்பியிருந்தது. குளியலறையில் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்தபோது அவர் கேட்டார், “குரல் வந்துருச்சா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

விளக்குக் காவலர் முன்னால் போனார், நடுவில் அவர், பின்னால் அவள். ஒருவருக்கே இடம் கொடுக்கும் சுழல் படி. பாதிக்கு மேல் போயிருப்பார்கள். காவலர் வளைவில் மறைந்துவிட்டார். கணவருக்கு இரண்டு படி மேலே, காலையில் துடைத்தவர்கள் விட்டுப்போன தண்ணீர் வாளியைப் பார்த்தாள். அவரோ சுவரின் சின்ன ஜன்னல் வழியாகக் கடலை வேடிக்கை பார்த்தபடி ஏறிக்கொண்டிருந்தார்.

‘ஏ’ பல்வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் கை கம்பியை விடும். அவள் இரண்டு கையாலும் தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

அவர் கால் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. குனிந்து வாளியைப் பார்த்தார், “யாரு சாமி இது” என்று முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுவரோரம் நகர்த்தினார், ஏறினார். அவ்வளவுதான்.

உச்சியில் காவலர் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். கணவர் பித்தளைச் சக்கரங்களின் அருகே மண்டியிட்டுக் காது வைத்துக் கேட்டார். டக், டக் என்று அது மட்டும் பேசியது. நெடுநேரம் கழித்து, “மூணாவது சக்கரத்துல பல் கொஞ்சம் தேஞ்சிருக்கு. ஆனா நம்ம பேரன் காலத்துக்கும் ஓடும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மேலே தாழ்வான இரும்பு உத்தரம். ணங்!

காவலர் பதறினார். அவர் தலையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார். “இதுக்கு நீ காரணமில்ல, ஆபீசர்.”

அவள் அசையாமல் நின்றாள். குரல் இல்லாத நாடகம் அங்கே முடிந்தது. “உங்களுக்குத் தெரியுமா?”

“பத்து வருஷமாத் தெரியும்.”

“அப்புறம் ஏங்க சொல்லல? நாலு தையல் போட்டுச்சே!”

“சொன்னா நீ கூப்பிடறத நிறுத்திருவ.” புடைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கூப்பிட்டாலும் திரும்பாம இருக்கப் பழகலாம்னு பாத்தேன். வரல.”

அவள் அவர் தலையைக் குனிய வைத்துப் பார்த்தாள். வீக்கம்தான், ரத்தமில்லை. நோட்டை எடுத்துப் பதினைந்தாவது வரியை எழுதினாள். காரணம்: தாழ்வான உத்தரம். பிறகு முன்னால் இறங்கினாள், ஒரு வார்த்தை பேசாமல். அவர் பின்னால் முழுசாக இறங்கி வந்தார்.

அடுத்த வருடம் அவர் கேட்ட மலையூருக்குப் போனார்கள். அதன் பிறகு ஆறு பயணங்கள், அவற்றில் இரண்டு முறை ஆஸ்பத்திரி. இரண்டும் அவருடைய சொந்த முயற்சி என்று இருவரும் ஒத்துக்கொள்கிறார்கள். அவள் ஓய்வுபெற்றுவிட்டாள். அவர் இன்னும் கடை திறக்கிறார். உத்தரத்தில் காவலர் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். விடுதிக்காரம்மா பூந்தொட்டித் தாங்கியைக் கொல்லைக்கு மாற்றிவிட்டாள். மகளுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான், தாத்தாவைப் போலவே தடுக்கி விழுகிறான். நோட்டு இருபத்திரண்டாவது வரியோடு நின்றிருக்கிறது.