பள்ளிக்கூட வாசலில் ஒரு துணி லாரி

காலை எட்டு மணி. புயல் நிவாரண முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் நாற்பத்திரண்டு பேர் தரையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மடிப்பு என்கிற பெரியவர் மட்டும் கரும்பலகைக்குக் கீழே ஒரு சட்டையை விரித்துப் போட்டு உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இஸ்திரிக்கடை நடத்தியவர். அவர் எடுக்கிற மடிப்பு மூன்று நாள் ஆனாலும் கலையாது என்பதால் ஊரே அவரை மடிப்பு என்றுதான் கூப்பிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். புயல் கடையையும் வீட்டையும் ஒருசேர வாரிக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் பழகிய கை சும்மா இருக்குமா?

"சட்டைக்குள்ள ஆளே இல்ல. அதுக்குப் போய் இவ்வளவு உபசாரமா?" என்று பக்கத்தில் படுத்திருந்த மனைவி கேட்டாள். கேலி பழைய கேலிதான். குரல்தான் பழைய குரலாக இல்லை. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

அவளுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வீட்டைவிட்டு ஓடி வந்தபோது கைப்பையில் ஒரு பாட்டில் இருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பண்ணி எட்டு நாள் ஓட்டினாள். அது தீர்ந்து இன்றோடு மூன்றாவது நாள். நேற்றிலிருந்து வாந்தி. குடிக்கிற தண்ணீர் தொண்டையைத் தாண்டுவதற்குள் அடுத்த குவளை கேட்டாள். அந்த ஊர் மருந்துக்கடைகள் எல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. பாலம் உடைந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். காரில் போனாலே இரண்டு மணி நேரம். முகாமில் கார் ஏது?

மடிப்பு முதல் நாளே முகாம் பொறுப்பைப் பார்த்துக்கொண்ட தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல்லியிருந்தார். டீச்சர் நல்ல மனுஷி. ஆனால் மேலே இருந்து அவரிடம் கொடுத்த படிவத்தில் சாப்பாடு, துணி, போர்வை, இதர என்று நான்கே கட்டங்கள். இன்சுலினை 'இதர' கட்டத்தில் எழுதி அனுப்பினார். கொசுவத்தி, சோப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதே கட்டத்தில்தான். அதை யார் படித்தார்களோ, படித்தார்களா என்பதே தெரியவில்லை. துணி மட்டும் நாள் தவறாமல் வந்தது.

"இன்னைக்கு மருத்துவ வேன் வருதாம். ரோட்டைச் சரி பண்ணிட்டாங்களாம். இன்சுலின் இருக்கான்னு போன்லயே கேட்டுட்டேன், இருக்குன்னாங்க. பத்து மணிக்குள்ள வந்துடும்" என்று டீச்சர் வாசலில் நின்று சொன்னபோது மடிப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது.

"கேட்டியா? இன்னும் ரெண்டே மணி நேரம். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார் மனைவியிடம்.

"கடிக்க எங்க தெம்பு இருக்கு" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்பதரைக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மடிப்பு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வந்தது லாரி. முன்னால் 'புயலால் வாடும் சகோதரர்களுக்கு எங்கள் அன்புக் காணிக்கை' என்று கொட்டை எழுத்தில் ஒரு துணிப் பதாகை. நகரத்தில் ஏதோ ஒரு குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். லாரிக்கு முன்னால் வந்த காரிலிருந்து சங்கத்தின் செயலாளர் இறங்கினார். காரைப் பள்ளி மைதானத்தில் நிறுத்திவிட்டு, மூன்று நாள் தூங்காமல் வீடு வீடாக ஏறித் துணி திரட்டியதை டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை, கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பள்ளிக்கு ஒரே வாசல்தான். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் ஒரு வண்டி நுழைகிற இடம். லாரியை வெளியே தெருவில் நிறுத்தி மூட்டைகளைத் தூக்கி வந்துவிடலாம் என்றார் டிரைவர். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. மடிப்பின் முப்பது வருடத் தொழில் அங்கேதான் அவர் காலை வாரியது. துணி நனைவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. அது அவருக்குச் சோறு போட்ட சாமான்.

"நனைஞ்சா ஒரே நாள்ல பூஞ்சை புடிச்சுடும் டிரைவர். பின்னாடி எடுத்து வராந்தா வரைக்கும் வாங்க. வாங்க, வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று கையை ஆட்டி ஆட்டி லாரியை அவரே உள்ளே வாங்கினார்.

வாசலின் நடுவில் பின்சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்தன. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது. சுமையைக் குறைத்தால்தான் வண்டி நகரும் என்றாகிவிட்டது. மடிப்பே மேலே ஏறி மூட்டைகளைத் தூக்கிப் போட ஆரம்பித்தார். வேன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

ஒரு மூட்டை கிழிந்து வாயைப் பிளந்தது. முழங்கால் வரை வெள்ளத்தில் நிற்கிற ஊருக்கு என்னென்னவோ வந்திருந்தன. ஜரிகை வைத்த கல்யாண கவுன். பித்தான் இல்லாத கோட்டுகள். ஜோடி இல்லாத ஒற்றைக் காலுறைகள். யாரோ மேடையில் வேஷம் போட்டு ஆடிய கரடி உடை, தலையோடு. மடிப்புக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆனாலும் கை அதன் பாட்டுக்கு ஒவ்வொன்றையும் மடித்துத்தான் கீழே போட்டது.

அப்போது தெருவில் ஹாரன் கேட்டது. குவிந்திருந்த மூட்டைகள் மறைத்ததால் தெருவில் வந்து நிற்பது என்ன வண்டி என்று தெரியவில்லை. இன்னொரு துணி லாரி, வேறென்ன என்று நினைத்துக்கொண்டார். திரும்பத் திரும்ப ஹாரன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டது.

"அஞ்சு நிமிஷம்!" என்று மடிப்பு மேலே இருந்தே கத்தினார். யார் என்று கேட்கவில்லை. எட்டிப் பார்க்கவும் இல்லை. கால்மணி கழித்து மறுபடியும் அதே கேள்வி வந்தது. அவரும் அதே ஐந்து நிமிடத்தைச் சொன்னார்.

லாரி நகர்ந்தபோது மணி பத்தே முக்கால். தெரு காலியாக இருந்தது. டீச்சர் கைபேசியும் கையுமாக ஓடி வந்தார்.

"வேன் வந்துட்டுப் போயிடுச்சாம் அண்ணே! வாசல் அடைச்சிருந்துச்சாம். முக்கால் மணி நேரம் நின்னு பாத்தாங்களாம். என் போன்ல சிக்னலே இல்ல. இப்பத்தான் தகவல் வந்தது. பொழுது சாயறதுக்குள்ள இன்னும் மூணு முகாம் பாக்கணுமாம். நாளைக்குத்தான் திரும்ப வருவாங்களாம். இப்பக் கூப்பிட்டா லைனே போகல."

மடிப்பு லாரியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் பாதி மடித்த ஒரு கோட்டு இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு. பிறகு இறங்கித் தெருவில் ஓடினார். எந்தப் பக்கம் போனது என்று யாருக்குத் தெரியும்? கணுக்காலளவு தண்ணீரில் நாற்சந்தி வரை போய், நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அறையில் மனைவியைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். கூப்பிட்டால் அவள் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவள் மூச்சு போல் புஸ்புஸ்ஸென்று போய்வந்தது.

முகாமில் இருந்த ஒரே கார் செயலாளருடையது. விஷயம் காதில் விழுந்ததும் அவர் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்தார். பின்சீட்டில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மடிப்பு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரமும் அவள் சேலைத் தலைப்பை நீவிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அரைமணி கழித்து வெளியே வந்த டாக்டர், "ரொம்ப லேட்டா கொண்டுவந்திருக்கீங்க. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார். காலையில் வந்திருந்தால் என்று கேட்க மடிப்பு வாயெடுத்தார். பதிலைத் தாங்க முடியாது என்று தோன்றியதும் மூடிக்கொண்டார்.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது செயலாளரின் கைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்த மடிப்புக்கே கேட்கும் அளவுக்கு அந்தப் பக்கத்துக் குரல் உற்சாகத்தில் கத்தியது. "சார், ரெண்டாவது லாரியும் ரெடி! மொத்தமும் துணிதான். இன்னைக்கே கிளப்பிடவா?"

செயலாளர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மடிப்பைப் பார்த்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, உங்களுக்கெல்லாம் என்னதான் வேணும்? சொல்லுங்க, எதுவா இருந்தாலும் கொண்டுவர்றோம்."

பதினொரு நாளில் மடிப்பை அப்படி ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நேத்துக் கேட்டிருந்தா, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாட்டில் போதும்னு சொல்லியிருப்பேன் சார். உங்க சட்டைப் பையிலயே வெச்சுக் கொண்டுவந்திருக்கலாம். லாரியே வேண்டாம்" என்றார் மடிப்பு. "இன்னைக்குக் கேக்கறீங்க. எனக்கு வேண்டியது அந்தக் கதவுக்கு உள்ள கிடக்கு. அதைக் குடுக்க உங்களாலயும் ஆகாது, என்னாலயும் ஆகாது."

செயலாளர் தலைகுனிந்தார்.

"உங்க மேல மட்டும் கோபம் இல்ல சார். லாரியை உள்ள கூப்பிட்டதே நான்தான். வெளிய நிக்கறது யாருன்னு நானும்தான் ஒரு வார்த்தை கேக்கல." அதற்குமேல் அவரால் முடியவில்லை. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கைபேசியில் அந்தக் குரல் இன்னும் "சார்? சார்?" என்றுகொண்டிருந்தது. செயலாளர் அதைக் காதில் வைத்தார்.

"லாரியை அனுப்பாதீங்க. ஒரு மூட்டைகூட ஏத்தாதீங்க. முதல்ல நோட்டும் பேனாவுமா ரெண்டு பேர் முகாமுக்குப் போங்க. ஒவ்வொரு ஆளையும் பாத்து, என்ன வேணும்னு கேளுங்க. நமக்கு வேண்டாததைத் தூக்கிக் குடுத்துட்டு நாம இவ்வளவு நாளா அதுக்கு உதவின்னு பேர் வெச்சிருந்தோம். கேக்காம குடுத்த துணி இன்னைக்கு ஒரு உசுருக்கு வர வேண்டிய மருந்தை வாசல்லயே மறிச்சுடுச்சுய்யா. வாய் தொறந்து கேட்டுட்டு, அப்புறம் குடுக்கக் கையை நீட்டுங்க."

செயலாளர் கைபேசியை அணைத்துவிட்டு மடிப்பின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். கதவு இன்னும் திறக்கவில்லை.