சுடச் சொன்னால் சூடாக்கினார்

பன்னிரண்டு மணிக்கு உலைக்குழாயைப் பக்கத்து ஆய்வறைக்காரர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் பழைய சமையல் எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு அமிலம் உடைந்து எரிபொருளாக இறங்காவிட்டால், அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி அம்போ. சின்னக் குழாயில் அவள் கையால் சமர்த்தாக நடந்த வேலை, பெரிய குழாய்க்கு வந்த ஒரு மாதமாக மக்கர். இறங்குவதெல்லாம் பனிக்கட்டியில் வைத்ததும் மெழுகாக உறைந்துபோகிறது. கொழுப்பு உடையவில்லை என்று அர்த்தம்.

பதற்றத்தில் இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். ஆய்வகத்தில் ஃபிட்டராக இருக்கும் தங்கை கணவர் குழாயைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். மூக்கைத் துளைக்கும் நாற்றம்.

"மாப்பிள்ளை, குருணையைச் சுட்டீங்கதானே?"

"நேத்தே சூடு பண்ணிட்டேன் அண்ணி. நூத்திப்பத்து டிகிரி. மொறுமொறுன்னு காஞ்சிருக்கு."

அவளுக்குத் தலை சுற்றியது. குருணைதான் வினையூக்கி. வாங்கும்போது அதில் அம்மோனியா ஒட்டியிருக்கும். ஐந்நூற்றைம்பதில் சுட்டால்தான் அது முழுசாக ஓடும், குருணைக்குள் அமிலம் பிறக்கும், கொழுப்பை உடைக்கும். சுடச் சொன்னால் மனிதர் ஒரு மாதமாகக் காயவைத்திருக்கிறார். வேறு யாராவது என்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். தங்கையின் கணவரை மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். இந்த நாற்றம் வருகிறதென்றால் குழாய்ச் சூட்டிலேயே அம்மோனியா ஓடத் தொடங்கியிருக்கிறது.

"குழாய்க்குள்ளயே சுட்டுடலாம். ஏத்துங்க, ஐந்நூத்தைம்பது."

"வெடிச்சிடாதே?"

"என் பொறுமைதான் வெடிக்கும். ஏத்துங்க."

வெளிவரும் காற்றில் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை நீட்டினாள். நீலமாகியது; இன்னும் அம்மோனியா. அடுத்ததும் நீலம். பதினொன்றே காலுக்கு ஒரு தாள் சிவப்பாகவே நின்றது. அவளுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சூட்டைக் குறைத்து, கொழுப்பு அமிலத்தைத் திறந்துவிட்டாள்.

முதல் சொட்டு விழும்போது பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம். பக்கத்து அறைத் தலைவர் குழாயைக் கழற்ற ஸ்பேனரோடு வந்து நின்றார். அவள் நிமிரவில்லை. சொட்டுகள் சேர்ந்த கண்ணாடிக் குப்பியைப் பனிக்கட்டிக்குள் புதைத்தாள். உடையாத கொழுப்பு அமிலமென்றால் இரண்டே நிமிடத்தில் வெளுத்து உறையும். மூன்று ஆயிற்று. ஐந்தாயிற்று.

குப்பியை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே இருந்தது தண்ணீர்போல ஓடியது.

"ஓடுது அண்ணி," என்றார் மாப்பிள்ளை.

தலைவர் குப்பியை வாங்கி முகர்ந்தார். பெட்ரோல் நெடி. கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்பேனரை மேசையில் வைத்தார்.

"நிறுத்திடாதீங்கம்மா," என்று அடுத்த குப்பியைத் தானே சொட்டுக்கு அடியில் பிடித்தார்.