தெருவிளக்கு எரிந்த பிறகு

முதலில் எங்கள் வாசல் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவே குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்தில் ஒரு பூட்டு. எல்லாமே உள்பக்கம். பூட்டின் சாவி என் வீட்டுக்காரர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். பின்கதவை அவர் ஆணியடித்து மூடிவிட்டார். ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு. தெருவிளக்கு எரிந்ததும் அவர் எழுந்து எல்லாவற்றையும் வரிசையாகப் பூட்டுவார். மறுநாள் நன்றாக விடிந்து, தெருவில் நாலு பேர் நடமாடும் வரை திறக்கமாட்டார். நடுவில் வீடு பற்றி எரிந்தால் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது.

பகலில் நான் கடைக்குப் போகலாம். போனால் திரும்பும் வரை அவர் கதவுக்குப் பின்னாலேயே நிற்பார். கொஞ்சம் தாமதமானாலும் சட்டை முழுக்க வேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பார். திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். "வந்துட்டியா" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகவே ஓட்டமும் நடையுமாகப் போய்வரப் பழகிவிட்டேன். என் அக்கா அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு ராத்திரி துணைக்குப் படுக்க என்னால் போக முடியவில்லை. "உன் புருஷன் உன்னைச் சிறை வச்சிருக்கான்டி" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அவர் ராணுவத்தில் ஒரு முகாமின் வாயிற்காவலராக இருந்தவர். தாமதமாக வரும் வண்டி ஒன்றுக்காகக் கதவைத் திறந்தே வைக்கும்படி ஒரு மாலை உத்தரவு வந்தது. திறந்து வைத்தார். வந்தது அந்த வண்டி அல்ல. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அதே பிரிவில் இருந்த சார்ஜெண்ட் அண்ணன் ஒருநாள் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார். மீதியைக் கதவைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

முன்னாள் வீரர்களுக்கென்று தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ்ஸில் அரை நாள் பயணம். ஒருமுறை அவரைப் பஸ் நிலையம் வரை கூட்டிப்போய் ஏற்றியும் விட்டேன். பஸ் கதவைத் திறந்து மூடும் பொறுப்பு வேறொருவன் கையில் இருப்பதைப் பார்த்தார். இறங்கிவிட்டார். ஆக, அவர் டாக்டரிடம் போகமாட்டார். டாக்டர் எங்கள் ஊருக்கு வந்தால்தான் உண்டு. வராவிட்டால் என் மிச்ச ஆயுசும் அந்தக் குறுக்குச் சட்டத்துக்கு உள்பக்கம்தான்.

எங்கள் சங்கம் இப்படித்தான் பிறந்தது, அதுவும் எங்கள் முன்னறையில். நான் வெளியே போக முடியாததால் மற்ற முன்னாள் வீரர்களின் வீட்டுப் பெண்கள் இங்கே வந்தார்கள். தெருக்கோடித் தையல்காரிதான் முதல் ஆள். அவள் கணவர் ராணுவத்தில் தகவல் தொடர்புக்காரர். பீரங்கிச் சத்தத்தில் இரண்டு காதும் போன பிறகு அவருக்கு 'வயர்லெஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. மதியம் கூடுவோம், விளக்குக்கு முன் கலைவோம். தையல்காரியும் மற்றவர்களும் தெருத்தெருவாக ஏறி இறங்கினார்கள். நான் வீட்டிலிருந்து போன் செய்தேன், மனு எழுதினேன். மாதம் இருமுறை எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் ஒரு டாக்டர் உட்கார வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சார்ஜெண்ட் அண்ணனைத் தலைவராக்கினோம். குரல் பெரிது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆண்களுக்கு எங்கள் வீட்டுக்காரர் வெளியே வரமாட்டார் என்பது மட்டும் தெரியும். விளக்குக்குப் பிறகு நடப்பது பெண்களுக்குள் இருந்தது.

கடைசியில் தலைநகரிலிருந்து ஒரு டாக்டரம்மா நேரில் பார்த்து முடிவு சொல்ல வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் தையல்காரி ஆண்களை நிற்கவைத்துப் பாடம் நடத்தினாள்.

"நாளைக்கு யாரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்காதீங்க. வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லுங்க. தூக்கம் வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்றார் சார்ஜெண்ட்.

"இவருக்குப் புரிஞ்சுதா?"

வயர்லெஸ் தலையை ஆட்டினார். "டீயா? சக்கரை கம்மியா போடு."

மறுநாள் மதியம் நான் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். "விளக்கு போடறதுக்குள்ள" என்றார். "வந்துடறேங்க" என்றேன்.

கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஆண்கள் எல்லோரும் மழமழவென்று சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையோடு, கண்ணாடியாய்ப் பளபளக்கும் ஷூவோடு ஒரே வரிசையில் நின்றிருந்தார்கள். நெஞ்சில் பதக்கம் வேறு. மூட்டு தேய்ந்து கைத்தடியோடு நடக்கிறவர் கைத்தடியை வெளியே சாத்திவிட்டு வந்திருந்தார். தையல்காரி என் காதோரம், "பாருக்கா, பொண்ணு பாக்க வந்திருக்காங்க" என்று பல்லைக் கடித்தாள்.

டாக்டரம்மா நடுவயதுக்காரர். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது. வரிசையின் முதல் ஆளிடமிருந்து ஆரம்பித்தார்.

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல, மேடம்!" சார்ஜெண்டின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

"தூக்கம்?"

"நல்லா இருக்கு, மேடம்!"

அடுத்தவரும் அதே பதில். அதற்கடுத்தவரும் அதே. வயர்லெஸ்ஸிடம் வந்தபோது அவர் கேள்விக்குக் காத்திருக்கவே இல்லை. "எல்லாம் சரி, மேடம்!" என்று கத்தினார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்க எல்லாரும் என்னை விட நல்லா இருக்கீங்களே."

தையல்காரி பொறுக்கமாட்டாமல் சார்ஜெண்டின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏண்ணே, என்ன சொல்லி அனுப்பினேன்? உங்க வாயில கொழுக்கட்டையா?"

அவர் தரையைப் பார்த்தார். "வரிசையில நின்னதும் வாய் தானா வந்துடுச்சும்மா. அங்க நோவுன்னு சொன்னவனை மட்டம் போடுறவன்னு சொல்லுவாங்க. அவன் வேலையையும் பக்கத்துல இருக்கிறவன்தான் சுமக்கணும். அந்தப் பேர் வாங்கறதுக்குச் செத்துடலாம்."

"வாங்காமலே சாகப்போறீங்க" என்றாள் அவள்.

டாக்டரம்மா பையை மூடிக்கொண்டு என்னிடம் வந்தார். "மனு எழுதினது நீங்கதானே? எழுதினதுக்கும் பாத்ததுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா. நான் பாத்ததைத்தான் மேல சொல்ல முடியும்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொள்வார். "டாக்டரம்மா, நீங்க பாக்காத ஒருத்தர் இருக்கார். வரிசைக்கே வராதவர். பக்கத்துத் தெருதான். ஒரு எட்டு வாங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

வந்தார். வீட்டுக்காரர் கதவைத் திறந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னார். தூக்கம்? வருது. பயம்? இல்லைங்க. "இவதான் சும்மா கவலைப்படுவா" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். எனக்கு அழுகை முட்டியது. இந்த மனிதர் இவ்வளவு அழகாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று, அதை இன்றைக்கா வைத்திருந்தார்! டாக்டரம்மா எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

அப்போது தெருவிளக்கு எரிந்தது.

வீட்டுக்காரரின் முகம் மாறவில்லை. நாங்கள் இருவரும் அங்கே இல்லாதது போல எழுந்தார். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். குறுக்குச் சட்டம். பூட்டு. சாவி கழுத்துக்குள் போய்விட்டது. கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார்.

"நான் கிளம்பணுமே" என்றார் டாக்டரம்மா.

"காலையில போகலாங்க. இப்ப வெளிய பாதுகாப்பு இல்ல."

"என் வண்டி வாசல்லதான் நிக்குது."

"வண்டின்னு சொல்லித்தான் வருவாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். அவர் கை பைக்குள் போனைத் தேடியது. "போலீஸ் வேணாங்க" என்றேன் மெதுவாக. "கதவை உடைச்சாங்கன்னா, மறுபடியும் இவர் காவல்ல கதவு போச்சுன்னு ஆயிடும். அதுக்கப்புறம் இவர் மனுஷனா திரும்பமாட்டார்." அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல் உட்கார்ந்தார். அறை அவ்வளவு சின்னது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"நீங்க தினமும் இப்படியா?" என்றார்.

"தினமும்தான்."

ஜன்னலுக்கு வெளியே காலடிச் சத்தம். எங்களைத் தொடர்ந்து வந்த தையல்காரியும், வயர்லெஸ்ஸும், சார்ஜெண்டும். பூட்டு விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்க வேண்டும். தையல்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள். சார்ஜெண்ட் உள்ளே எட்டிப் பார்த்தார். கதவோடு ஒட்டி நிற்கும் மனிதரைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நாளா ஏம்மா சொல்லலை?" என்றார் என்னிடம். பிறகு டாக்டரம்மாவிடம், "கொஞ்சம் பேசாம இருங்க மேடம். எங்க பிரிவுல காவலாளி கதவைத் திறக்க ஒரே வழிதான்."

அவர் நகர்ந்து வாசல் கதவுக்கு வெளியே போய் நின்றார். ஷூ குதிகால்கள் ஒன்றோடொன்று மோதின.

"காவல் மாத்த வந்திருக்கேன்."

என் வீட்டுக்காரரின் தோள் நிமிர்ந்தது. கதவைப் பார்த்துத் திரும்பினார். நான் கேட்டேயிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது.

"உடம்பைச் சொல்லு."

"எங்க பிரிவு வழக்கம் மேடம்" என்றார் சார்ஜெண்ட், எங்களுக்குக் கேட்கட்டும் என்று. "காவலுக்கு வர்றவன் தன் குறையை மறைக்கக் கூடாது. அவனை நம்பித்தான் மத்தவன் தூங்கறான்."

"கண்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வலது சரி. இடதுல பாதிதான் தெரியுது. ஓரத்துல கறுப்பா வருது."

"தூக்கம்?"

"இல்ல. விடியறப்ப கொஞ்சம். மத்தபடி உக்காந்தே இருக்கேன்."

"கை?"

"நடுங்குது. டம்ளரை ரெண்டு கையால புடிக்கறேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

டாக்டரம்மா மெதுவாகப் போனைப் பைக்குள் வைத்தார். ஜன்னலில் தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தனியா வந்திருக்கியா?"

"கூட ஒருத்தன்." சார்ஜெண்ட் வயர்லெஸ்ஸை இழுத்து நிறுத்தித் தன் காதைத் தொட்டுக் காட்டினார் போலிருக்கிறது. வயர்லெஸ்ஸின் குரல் தெருவையே எழுப்பியது: "காது ரெண்டும் இல்ல! உள்ள மட்டும் எந்நேரமும் இரைச்சல்! தலையைச் சுவத்துல முட்டிக்கலாம் போல இருக்கு!"

"காது இல்லாதவன் காவலுக்கு ஆகாது" என்றார் என் வீட்டுக்காரர் கண்டிப்பாக. "கண்ணு பாதி இருக்கிறவன் போதும். நிலவரம் சொல்றேன், கேட்டுக்க."

காவலை விட்டுப் போகிறவர் சொல்லும் நிலவரம்.

"மேல் தாழ்ப்பாள் சரி. கீழ்த் தாழ்ப்பாள் சரி. பின்கதவு ஆணி சரி. உள்ள ரெண்டு பேர். ஒருத்தங்க இன்னைக்கு வந்தவங்க, பயந்திருக்காங்க. இன்னொருத்தி எப்பவும் இருக்கிறவ." கழுத்துச் சாவியைக் கையில் பிடித்தார். "அவளுக்கு வெளிய போகணும். காவலுக்குத் தெரியும். காவலால திறக்க முடியல. வந்தவங்ககிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். அது பொய். நிலவரம் அவ்வளவுதான்."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தார். சட்டத்தை எடுத்தார். தாழ்ப்பாள்கள். கதவு திறந்தது. சார்ஜெண்ட் உள்ளே வந்து கை நீட்டினார். கழுத்துக் கயிறு ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்குப் போனது. என் வீட்டுக்காரர் சுவரோரம் போட்டிருந்த பலகையில் போய் உட்கார்ந்தார், சாய்ந்தார், காவலுக்கென்று வீட்டுக்குள்ளும் போடும் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனார். வாய் திறந்து குறட்டை வந்தது.

டாக்டரம்மா கதவு திறந்தும் போகவில்லை. சார்ஜெண்டைக் கதவோரமே உட்காரவைத்து இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "இதை எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார். அவர் சொன்னார். வரிசையில் இல்லாததால் சொல்ல முடிந்திருக்கும்.

வயர்லெஸ் படியிலேயே உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரையும் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா எழுந்தார்.

"நூலகம் கிடைக்குமா கிடைக்காதான்னு நான் உறுதி சொல்ல முடியாதும்மா. இன்னைக்குக் கேட்டதை எழுதறேன். ஆனா அடுத்த வாரம் நான் வர்றேன், இந்த அறைக்கு. இவர் காவல்ல இல்லாத நேரமா பாத்து வையுங்க."

"அதுக்கு என்னை யாராவது மாத்தணுமே" என்றார் சார்ஜெண்ட். "நான் இப்ப காவல். ஆள் வராம நகரமாட்டேன்."

"நாளைக்குக் கைத்தடிக்காரரை அனுப்பறேன்" என்றாள் தையல்காரி. "மறுநாள் வேற ஆள். ஒருத்தரையும் விடமாட்டேன். எல்லாரும் வாசல்ல நின்னு உடம்பைச் சொல்லித்தான் உள்ள போகணும். அக்கா அதை எழுதட்டும்."

டாக்டரம்மாவின் வண்டி கிளம்பியது. சார்ஜெண்ட் கதவில் கை வைத்தார். "விளக்கு எரியுது, மூடணும் தங்கச்சி. நீங்க உள்ளயா, வெளியவா?"

நான் தூங்குகிற மனிதரைப் பார்த்தேன். "வெளிய" என்றேன்.

எனக்குப் பின்னால் தாழ்ப்பாள்கள் விழுந்தன. அந்தச் சத்தத்தை வெளிப்பக்கமிருந்து நான் கேட்டதில்லை. அக்காவுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே தெருமுனை வரை நடந்தேன். எனக்காகக் கதவுக்குப் பின்னால் யாரும் வேர்த்துக்கொண்டு நிற்கவில்லை. அது தெரிந்தும், கால்கள் மட்டும் கடைக்குப் போகிற அதே ஓட்டமும் நடையுமாகத்தான் போய்க்கொண்டிருந்தன.