ஒரு மாசத்துக்கு மட்டும்

டைலரக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நாலு வருஷத்துக்கு முன்னால். பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்த பெரிய டீச்சர், கறுப்பு லைனிங் துணியில் தையல் சாக்பீஸால் அவள் கிறுக்கி வைத்திருந்த கோழியைப் பார்த்துவிட்டார். "படம் சொல்லித்தர ஆளே இல்லம்மா. போஸ்டிங் கேட்டிருக்கோம். வர்ற வரைக்கும், ஒரு மாசத்துக்கு மட்டும்" என்றார். அதற்கென்ன, வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தாள். யார் சொல்லச் சொன்னது அவளை?

அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. புதன்கிழமை மூன்றாவது பீரியட், நாற்பத்திரண்டு பிள்ளைகள். காகிதம் கிடையாது, கலர் கிடையாது. லைனிங் துண்டில் சாக்பீஸால் வரைய வேண்டியது, ஆசை தீரப் பார்க்க வேண்டியது, மணி அடித்ததும் உதறி அடுத்த வாரத்துக்கு மடித்து வைக்க வேண்டியது. தெருவே இதற்குத் தோள் கொடுத்தது. மெக்கானிக் உடைந்த பெஞ்சுகளைத் தட்டிச் சரிசெய்தார். சலூன்காரர் ஆள் வைத்துக் கூரை ஒழுகலை அடைத்தார். வகுப்பு மட்டும் அவள் தலையில். ஒரு தடவை காய்ச்சலில் மூன்று புதன் போகவில்லை. அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். திரும்ப வாங்குவதற்குள் அரை வருஷம் போய்விட்டது. அதற்கப்புறம் காய்ச்சலோடும் போனாள்.

இதில் அடிபட்டது அவள் மகள்தான். கல்யாணமாகி, ரயிலில் ஒரு நாள் தூரத்தில் இருந்தாள். முதல் பிரசவத்துக்கு அம்மா போகவில்லை. அந்த வாரம் பிள்ளைகளின் படக் கண்காட்சி. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். இப்போது இரண்டாவது, எட்டாம் மாதம். "இந்தத் தடவை டீச்சர் போட்டுடுவாங்க. வந்து ஆறு மாசம் உன்கூடத்தான் இருப்பேன், சத்தியமா" என்று டைலரக்கா போனில் சொல்லியிருந்தாள். பரண்மேல் இருந்த பெட்டியைக்கூட இறக்கித் துடைத்து வைத்தாயிற்று.

போஸ்டிங் பற்றி முடிவு செய்ய அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. பெரிய டீச்சர் கடைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அன்னைக்கு நீங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே வரக்கூடாது. துணியெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன். ரூம் காலியா இருக்கணும். ஆளில்லன்னு அவர் கண்ணால பாக்கணும்."

"அது பொய் இல்லையா டீச்சர்?"

"டீச்சர் இல்லங்கறது பொய்யா? நீங்க டைலர்."

அந்த நியாயம் டைலரக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. இந்த வாரம் படம் கிடையாது என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னாள். தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

அந்தப் புதன் காலையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்தாள். கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி வைத்தாள், மறுபடியும் கோணல். பதினொரு மணிக்கு சலூன்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார், வாயெல்லாம் பல்.

"கிளம்புங்கக்கா. அதிகாரி உங்களைப் பாக்கணுங்கறார்."

"என்னையா? என்னை அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வெச்சிட்டோம்ல. அதிகாரி வர்ற நாளும் அதுவுமா படம் இல்லன்னு சொல்லிட்டீங்களாம், பிள்ளைங்க வந்து சொல்லிச்சுங்க. அக்காவுக்குத் தன்னைப் பத்திச் சொல்லிக்கக் கூச்சம், நாம விட்டுடுவோமான்னு தெருவே இறங்கிட்டோம். பீரோ பூட்டியிருந்துச்சு. அதனால என்ன, என் கடையில கழுத்துல கட்டற கறுப்புத் துணி, மெக்கானிக் வீட்டுத் திரை, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டோம். இன்னைக்கு நான் யாருக்கும் முடி வெட்டலை."

இவ்வளவு சந்தோஷமாக நிற்கிற மனுஷனை என்னவென்று திட்டுவது? செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள்.

வராந்தா நெடுகக் கயிறு கட்டி, கிளிப் போட்டு, நாற்பத்திரண்டு கறுப்புத் துணி. நாற்பத்திரண்டிலும் அவள்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்த டைலரக்கா. ஒல்லியாக, குண்டாக, ஒன்றில் மூன்று கையோடு. எல்லாவற்றிலும் கால் பெடலில். ஒரு படத்திலும் கடைக்கு வாசல் கிடையாது. வாசல் வரைய அவள் இன்னும் சொல்லித்தரவில்லை. நல்ல படங்கள், அதுதான் கொடுமை. நாலு பிள்ளையாவது கன்னாபின்னாவென்று வரைந்திருக்கக்கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்கு அப்போதே வெட்கப்பட்டாள். தூணோரம் நின்ற பெரிய டீச்சர் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி நல்ல மனுஷர். கெட்டவராக இருந்தாலாவது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்துட்டேம்மா. இப்படி ஒரு தெருவை நான் பாத்ததில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. "என் கையில இருக்கறது ஒரே ஒரு போஸ்டிங். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. அங்க பிள்ளைங்களுக்கு ஒரு கோடு போடக் காட்டித்தர ஆளில்ல. அங்க போட்டுடறேன். நீங்க இருக்கும்போது இங்க என்ன கவலை? தொடர்ந்து வருவீங்கல்ல?"

அதில் தப்புச் சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. "சார், என் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"அவங்க பொண்ணும் இங்க படிச்சதுதான் சார்" என்று சலூன்காரர் பெருமையாக எடுத்துக் கொடுத்தார்.

பிள்ளைகள் எல்லோரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கை வைத்து வரைந்த சின்னப்பெண் முன்வரிசையில், தட்டுவதற்குத் தயாராகத் தன் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள்.

"வரேன் சார்" என்றாள் டைலரக்கா.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

மத்தியானம் மகள் போன் செய்தாள். டைலரக்கா பூசி மெழுகத்தான் பார்த்தாள். அடுத்த வருஷம் நிச்சயம் போட்டுவிடுவார்கள் என்றாள். குழந்தை பிறந்ததும் ஒரு வியாழக்கிழமை கிளம்பி வந்துவிட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் திரும்பிவிடலாம் என்றாள். மகள் எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"பரவாயில்லம்மா. பக்கத்து வீட்டு அக்காகிட்டயே சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். "ஆமா, மொத்தம் எத்தனை பிள்ளைங்க உனக்கு?"

"நாப்பத்திரண்டு." யோசிக்காமல் வந்துவிட்டது.

"என்னையும் சேத்தா?"

டைலரக்கா சேர்க்காமல்தான் சொல்லியிருந்தாள்.