தரையைத் தொட்ட நெல்

எங்கள் மில்லுக்கு எலிவேட்டர் வந்த அன்று எல்லோருக்கும் எலுமிச்சம்பழச் சாதமும் கேசரியும் கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். என் வயிற்றில் அடிக்கத்தான் அந்த மிஷின் வந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்திருந்தால், அந்தக் கேசரியை அதன் பெல்ட்டிலேயே அப்பிவிட்டு வந்திருப்பேன். எங்கள் மில் என்றா சொன்னேன்? பழக்க தோஷம். அது சுமதிராஜ் நயினாருடைய மில்.

ஆரணியிலிருந்து சேவூர் போகிற சாலையில் இருந்தது அந்த அரிசி மில். அதுவரை லாரியில் நெல் மூட்டையாகத்தான் வரும். ஆண்கள் கொக்கி போட்டு இழுத்து, முதுகில் ஏற்றி, குடோனுக்குள் கொண்டுபோய் அடுக்குவார்கள். கொக்கி குத்திய இடத்தில் சாக்கு கிழியும், நெல் சிந்தும். லாரி காலியானதும் நானும் பச்சையம்மாளும் மற்றப் பெண்களும் துடைப்பத்தோடு இறங்குவோம். கூட்டி, கல்லும் மண்ணும் போகப் புடைத்து, அவரவர் பங்கை மடியில் கட்டிக்கொண்டு போவோம். களத்தைக் கூட்டுவது, சாக்கை உதறி மடிப்பது, மழை வந்தால் ஓடி மூடுவது எல்லாம் எங்கள் வேலை. இதற்கெல்லாம் காசு ஒன்றும் கிடையாது. சிந்தின நெல்தான் எங்கள் பிழைப்பு.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நயினாரின் அப்பா. மில் திறந்த புதிதில் ஒரு மூட்டை பிரிந்து கொட்டியபோது, கணக்குப்பிள்ளை அதை வாரச் சொன்னாராம். பெரியவர் தடுத்து, தரையைத் தொட்ட நெல் கூட்டுகிறவளுக்கு, அதை மில் திரும்பத் தொடாது என்று சொல்லிவிட்டாராம். ஜைனர் வீட்டில் கொடுக்காததை எடுக்க மாட்டார்கள், கொடுத்ததையும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று சுமதிராஜ் நயினார் வருகிற வியாபாரிகளுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவார். சொல்லும்போது எங்களைக் கைகாட்டுவார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம்.

எலிவேட்டர் என்றால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. முற்றத்தில் ஒரு குழி. குழியிலிருந்து கூரை உயரத்துக்கு ஒரு தகரக் கூண்டு. கூண்டுக்குள் ஓயாமல் சுற்றுகிற பெல்ட், அதில் வரிசையாகக் குவளைகள். டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து குழி வாயில் நின்று தொட்டியைத் தூக்கினால், நெல் உதிரியாகவே குழிக்குள் சரியும். குவளைகள் அள்ளிக்கொண்டு மேலே போய்க் கொட்டிவிடும். சாக்கும் வேண்டாம், கொக்கியும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

குழிக்குள் அணில் விழுந்து செத்துவிடக் கூடாதே என்று நயினார் கம்பி வலை போட்டு வைத்தார். மூட்டை தூக்கினவர்களை மட்டும் அந்த வாரமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். என் புருஷன் சடையப்பனும் அதில் ஒருத்தன். அவன் படவேட்டுப் பக்கம் வாழைத்தோப்பு வேலைக்குப் போனான். அங்கிருந்து அடிக்கடி வர பஸ் ஏது? நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் என் மடி நெல்லை நம்பி இருந்தோம்.

அந்த மடியும் காலியானபோது நான் நயினாரிடம் போய் நின்றேன்.

"எங்களுக்கு இன்னா வழி நயினாரே?"

"மிஷின் சிந்தாதும்மா ராஜம்மா. ஒரு மணி கீழ வுழாது" என்றார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

"அதான் கேக்கறேன். களத்தக் கூட்டறதுக்குக் கூலின்னு எதுனா போட்டுக் குடுங்க."

"கூலிக்கு எங்கம்மா போவேன்? இது ஆரணி. வூட்டுக்கு வூடு தறி ஓடுது. பட்டு நூல் இழைக்கப் போங்களேன்."

போனேன். சேவூரில் ஒரு தறிக்கார வீட்டு அம்மா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு இழையை எடுத்து என் விரல்மேல் இழுத்தாள். அது சிக்கிக்கொண்டு நின்றது. நெல் சுணை தின்ற கை அது. பட்டைத் தொட்டால் இழை பிய்ந்து போகும். "இந்தக் கைக்கு நூலு தாங்காதும்மா" என்று அனுப்பிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. இந்தக் கையை இப்படி ஆக்கின இடம் எதுவோ அதுதான் எனக்குச் சோறு போட வேண்டும் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

தினமும் போய் மில் வாசலில் நின்றோம். கணக்குப்பிள்ளை தணிகாசலம் எங்களைப் பார்த்தாலே, "வந்துட்டாங்கப்பா, பேஜாரு" என்பான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவான். நாங்கள் சாலை ஓரம் உட்கார்ந்துகொண்டு, கூண்டுக்குள் பெல்ட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு.

ஆவணி மாதம், சொர்ணவாரி அறுவடை நேரம். ஒரு நாள் சாயங்காலம் டிப்பர் ஒன்று உள்ளே போனது. அதன் பின்னாலேயே நாங்களும் நுழைந்துவிட்டோம். அதற்கு முன்னால் வந்த லோடில் பாதி குழியிலேயே நிற்க, கரண்ட் போய்விட்டிருந்தது. பெல்ட் அசையவில்லை. குழி ததும்ப நெல். லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஜல்தியா எறக்கிக்கினு வுடுய்யா. எனக்கு இன்னொரு நடை கலசப்பாக்கம் போவணும்."

தணிகாசலம் மேலே வானத்தைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். "சரி, முன்னாலயே கொட்டு. கரண்ட் வந்ததும் தள்ளிக்கலாம்" என்றான்.

லாரித் தொட்டி மெல்ல எழுந்தது. நெல் மொத்தமும் சரிந்து, குழிக்கு முன்னால் தரையில் அம்பாரமாக விழுந்தது. லாரி போய்விட்டது. பச்சையம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அடியே ராஜம்மா! தரைல வுழுந்துட்ச்சிடி!"

நான் ஓடினேன். எல்லோரும் ஓடினோம். அம்பாரத்தின் மேல் ஏறி, துடைப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிட்டோம்.

"எழுந்திரிங்கடி! பைத்தியம் புட்ச்சிக்கிச்சா?" என்று தணிகாசலம் கத்தினான்.

"தரையத் தொட்ட நெல்லு எங்களுது. போய் உங்க நயினாரக் கேளு."

நயினார் வந்தார். முதலில் சிரித்தார். நாங்கள் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னாம்மா வெளையாட்டு இது? கை தவறி வுழுந்ததுக்குத்தான எங்கப்பா சொன்னாரு?"

"கை தவறாத மிஷினக் கொண்டாந்து வெச்சது யாரு? நாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காலம் காலமா களத்தக் கூட்னோம். சாக்கு ஒதறினோம். ஒரு நாளு காசுன்னு கேட்டமா? எங்க பங்க மிஷினு முழுங்கிக்கினு இருக்குது. இன்னிக்கி அது கக்கிச்சி. நாங்க எடுத்துக்கறோம்."

"ஆளுக்கு ஒரு மொறம் வாரிக்கினு போங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"ஒரு நாள் சோத்துக்கா நாங்க ஒக்காந்துகினு இருக்கறோம்? தெனம் ஆளுக்கு ஒரு படி நெல்லுன்னு சொல்லுங்க. இப்பவே எறங்கறோம்."

"இன்னிக்கி உங்களுக்குக் குடுத்தா, நாளைக்கி மூட்டை தூக்கனவன் வந்து நிப்பான்."

"நிக்கட்டுமே! அவனுக்கும் வயிறு இருக்குதில்ல?"

ஜவ்வாது மலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. காற்று களத்துத் தூசியை வாரி அடித்தது. அப்போது நயினாரின் மனைவி ஜினமதி அம்மா, தூக்குப் பாத்திரத்தோடு நடந்து வந்தார். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இருட்டினால் மறுநாள் வரை ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதல் தூறல் விழுந்தது. நயினார் கையைப் பிசைந்தார். மூட்டை கட்டித் தூக்க ஆள் இல்லை. மிஷினுக்குக் கரண்ட் இல்லை. மூடுகிற படுதா குடோனில் எங்கே கிடக்கிறது என்று கூட எங்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தணிகாசலம் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடினான்.

"நெல்லு இன்னாம்மா பாவம் பண்ணுச்சு? நனையுதேம்மா!" என்றார் நயினார்.

எனக்கு உச்சி வரை எரிந்தது. "அணிலுக்குப் பாவம் பார்த்தீங்க. நெல்லுக்குப் பாவம் பாக்கறீங்க. எங்களுக்கு எப்ப நயினாரே பாப்பீங்க?"

மழை பிடித்துக்கொண்டது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கையை ஆட்டி அம்பாரத்தைக் காட்டிக் கத்தினார்.

"எடுத்துக்குங்க! அத்தனையும் உங்களுக்கே குடுத்துட்டேன்! வாரிக்கினு போங்க! இதோட உங்களுக்கும் இந்த மில்லுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. நாளைக்கி ஒருத்தியும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!"

பெண்கள் பாய்ந்து வாரினார்கள். பச்சையம்மாள் மடி நிறைய அள்ளி முடிச்சுப் போட்டாள். அவள் வீட்டில் காலையிலிருந்து அடுப்பு எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். என் வீட்டிலும்தான். ஒரு லோடு நனைந்த நெல்லைக் காட்டி, இனி வரப்போகிற எங்கள் நாட்களை எல்லாம் மொத்தமாக வாங்கிவிடப் பார்க்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்குப் புரிந்தது. நான் இறங்கி அவர் எதிரே போய் நின்றேன்.

"எனக்கு வேணாம் நயினாரே. நாளைக்கி வருவேன். நாளன்னிக்கும் வருவேன். எங்களுக்குத் தெனம் வேணும்."

பச்சையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் வாய்ல கொள்ளி வெக்க" என்று என்னைத் திட்டினாள். பிறகு அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்து நெல்லை அம்பாரத்தில் திரும்பக் கொட்டினாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி ஒருத்தியாகக் கொட்டினார்கள். மழையில் நனைந்தபடி வெறும் மடியோடு நின்றோம்.

"அதுங்களே வேணாம்னுதுங்க. ஆள் வெச்சி வாரிடலாங்க" என்றான் தணிகாசலம்.

ஜினமதி அம்மா வாசலிலிருந்து உள்ளே வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"குடுத்துட்டேன்னு நீங்க வாயால சொன்னதக் கேட்டேன். அதுல ஒரு மணி உள்ள போனாலும், நம்ம வூட்ல நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன்." நயினார் பேச வாய் திறந்தார். "பொழுது போயிடுச்சு. இனிமே நீங்க சாப்பிட முடியாது" என்று சொல்லி, தூக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டினி கிடக்கப் போகிற மனுஷன் என்று எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. "உங்களுக்கு விடிஞ்சா சோறு இருக்குது நயினாரே. எங்களுக்கு எப்ப விடியும்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நெல் அங்கேயே கிடந்தது. கொடுத்ததை அவர் தொட முடியாது. நாங்கள் தொட மாட்டோம். ஒரு பகுதி மழைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. மிச்சம் குழி வாயை அடைத்துக்கொண்டு குந்தியிருந்தது. லாரி பின்னால் வர வழியில்லை. வந்த டிப்பர்கள் எல்லாம் சாலையில் நின்று பார்த்துவிட்டு வேறு மில்லுக்குத் திரும்பின. கரண்ட் வந்தும் மிஷின் சும்மா நின்றது.

நாங்கள் தினமும் வாசலில் போய் உட்கார்ந்தோம். பிள்ளைகளுக்குக் கீரையை வேகவைத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணுக்கு எதிரே நெல் முளை விட்டது. பச்சைப் பசேல் என்று அம்பாரம் முழுக்க நாற்று எழுந்தது. சோற்றுக்கு இல்லாதவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அந்தப் பாவத்தை எந்த வலை போட்டும் தடுக்க முடியாது. ராத்திரி வந்து முளைக்காத அடி நெல்லை நோண்டிக்கொண்டு போகலாமா என்று எனக்கே தோன்றியது. தோன்றினதற்காக என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஊரில் எங்களைத் திமிர் பிடித்த பொம்பளைகள் என்று பேசினார்கள். பேசினவர்கள் வீட்டிலெல்லாம் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

நாற்று அழுகி நாற்றமெடுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலையில் தணிகாசலமே கதவைத் திறந்தான். "நயினார் கூப்புடறாரு" என்றான்.

நயினார் குடோன் வாசலில், ஒரு மூட்டையைப் பிரித்து வைத்து, கையில் படியோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வியாபாரிகள் இரண்டு பேரும் ஒரு லாரிக்காரரும் பக்கத்தில் இருந்தார்கள்.

"தெனம் ஆளுக்கு ஒரு படி. களத்தக் கூட்டிட்டு வாங்கிக்கினு போங்க. அந்த அழுகினத மொதல்ல அப்புறப்படுத்துங்க" என்றார். படியில் நெல்லை முகந்து என் முன்னால் நீட்டினார். "என் தருமமா வெச்சிக்கோம்மா."

பச்சையம்மாள் மடியை விரித்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பசியில் எனக்குக் கண் இருண்டது.

"தருமம் வேணாம் நயினாரே. கூலின்னு சொல்லிக் குடுங்க."

அவர் வியாபாரிகளைப் பார்த்தார். பிறகு படியைப் பார்த்தார். நெல் ஒன்றிரண்டு மணி விளிம்பிலிருந்து உதிர்ந்தது.

"கூலி" என்றார், உதடு அசைந்ததே தவிர எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்" என்றேன்.